கிராமர் ஸ்கூல்: பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

இங்கிலாந்தில் நுழைவுத்தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் அரசுப் பள்ளிக்கு கிராமர் ஸ்கூல் என்று பெயர். அப்படியென்றால் இலக்கணம் சொல்லித்தரும் பள்ளியா என்று யாராவது கேட்டால் சிரிக்காதீர்கள். தொடக்கத்தில் அது அப்படித்தான் இருந்தது, ஆனால் இங்கிலீஷ் இலக்கணம் அல்ல, லத்தீன் இலக்கணம். லீட்ஸ் மாதிரி ஒரு வியாபார ஊரில் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் சொல்லிக்கொடுத்தால் உதவுமே என்று பள்ளி நிர்வாகிகள் நினைக்க, விவகாரம் கோர்ட்டுக்குப் போய், 'லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் எழுதிவைத்த சொத்தை வேறு பாடத்துக்குத் திருப்ப முடியாது' என்று 1805இல் நீதிபதி எல்டன் பிரபு சொல்லிவிட்டார். 1840இல் தனிச் சட்டம் வந்த பிறகுதான் பாடத்திட்டத்தை விரிக்க வழி பிறந்தது.

சரி, இன்றைக்கு வருவோம். அங்கே பிள்ளைக்கு இடம் தேடும் நம் ஆட்கள் செய்கிற முதல் தவறு, போர்டில் இருக்கும் பெயரை நம்புவது. மான்செஸ்டர் கிராமர் ஸ்கூல் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி. ஹை விக்கம்பில் உள்ள ராயல் கிராமர் ஸ்கூல் அரசுப் பணத்தில் நடப்பது, கட்டணம் கிடையாது. அதே பெயரில் கில்ஃபர்டில் இருப்பதோ தனியார். பேட்லி கிராமர் ஸ்கூலில் நுழைவுத்தேர்வே இல்லை. பெயரில் 'கிராமர்' என்ற சொல்லே இல்லாத டன்பிரிட்ஜ் ஜட் ஸ்கூல் அசல் கிராமர் ஸ்கூல். தேர்வு வைத்து, கட்டணமில்லாமல் சேர்க்கும் அரசுப் பள்ளிகள் இங்கிலாந்து முழுக்க 163தான். அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், பெயரை விடுங்கள்.

அடுத்தது, பழைய பள்ளி என்றால் அன்றிலிருந்து இன்றுவரை ஒரே மாதிரி நடந்திருக்கும் என்று நினைப்பது. வட லண்டன் பார்னெட்டில் உள்ள குவீன் எலிசபெத்ஸ் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். தனக்கு நெருக்கமான பிரபு ராபர்ட் டட்லி கேட்டுக்கொண்டதற்காக 1573இல் முதலாம் எலிசபெத் ராணி சாசனம் கொடுத்தார். இன்றைக்கு இங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆனால் இதே பள்ளி 1971இல் தேர்வைக் கைவிட்டு எல்லோரையும் சேர்க்கும் காம்ப்ரிஹென்சிவ் பள்ளியாக மாறியது. மறுபடி தேர்வுக்குத் திரும்பியது 1994இல்தான். '450 வருஷ டாப் ஸ்கூல்' என்று வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே விழுங்குகிறவர்கள் இந்த நடுவில் உள்ள இருபத்துச் சொச்சம் வருடங்களைக் கவனிப்பதில்லை.

நாடு முழுக்க நடந்ததும் ஏறக்குறைய இதுதான். 1944 கல்விச் சட்டம் வந்தபின் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் கட்டணம் போனது, 11 வயதில் தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பிரித்தார்கள். 1965இல் தொழிற்கட்சி அரசின் சுற்றறிக்கை காம்ப்ரிஹென்சிவுக்கு மாறும்படி உள்ளாட்சிகளைக் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டதுதான், உத்தரவு அல்ல. கென்ட், பக்கிங்காம்ஷைர் மாவட்டங்கள் பழையபடியே தொடர்ந்ததற்கு அந்த இடைவெளிதான் இடம் கொடுத்தது. எல்லாவற்றையும் தொழிற்கட்சியே மூடியது என்று சொல்வதும் தப்பு, 1970 முதல் 1974 வரை கல்வி அமைச்சராக இருந்து ஏராளமான மாற்றங்களுக்கு ஒப்புதல் தந்தவர் எதிர்க்கட்சியான கன்சர்வேடிவின் மார்கரெட் தாட்சர். 1998க்குப் பிறகு புதிய கிராமர் ஸ்கூல் தொடங்கவே சட்டம் இடம் தருவதில்லை.

இனி பெற்றோர் உண்மையிலேயே வாங்கிக் கட்டிக்கொள்ளும் இடம். 'பாஸ்' என்ற சொல். லண்டனில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணன் மகனுக்கு இலெவன் பிளஸ் (அந்த 11 வயது நுழைவுத்தேர்வு) முடிவு அக்டோபரில் வந்தது, தகுதி பெற்றான் என்று மெயில், வீட்டில் கேசரி, ஊருக்கு வீடியோ கால். மார்ச் 1ஆம் தேதி இட ஒதுக்கீடு வந்தபோது அந்தப் பள்ளி இல்லை. தகுதி என்றால் வரிசையில் நிற்கலாம் என்றுதான் அர்த்தம், அதன்பின் மதிப்பெண் வரிசையா, வீட்டுத் தூரமா, இரண்டும் கலந்ததா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். அந்த வருடத்துச் சேர்க்கை விதியை டியூஷனில் சேர்ப்பதற்கு முன்பே படித்திருக்க வேண்டும், அண்ணன் படித்தது ஏப்ரலில்.

இதிலேயே இன்னொன்று. தேர்வு எழுதுவது விண்ணப்பம் ஆகாது. அக்டோபர் 31க்குள் உள்ளாட்சியின் படிவத்தில் பள்ளியின் பெயரை எழுதினால்தான் கணக்கு. லண்டனில் ஆறு பெயர் வரை எழுதலாம். நீங்கள் எத்தனையாவதாகப் போட்டீர்கள் என்பதை வைத்துப் பள்ளி யாரையும் வடிகட்ட முடியாது, அதனால் 'முதலில் போட்டால்தான் மதிப்பார்கள்' என்று கணக்குப் போடாமல் உண்மையான விருப்பப்படியே எழுதுங்கள். பாதுகாப்புக்காகப் பக்கத்திலுள்ள சாதாரணப் பள்ளி ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். ஆகஸ்டில் பிறந்த பிள்ளை வகுப்பிலேயே சின்னது, தோற்றுவிடும் என்று பயப்படுவதும் வேண்டாத வேலை, பெரும்பாலும் வயதைக் கணக்கில் கொண்டுதான் மதிப்பெண்ணைச் சரிசெய்கிறார்கள்.

உள்ளே போனால் அமைப்பு பழைய பாணிதான்: ஹவுஸ் என்ற மாணவர் அணிகள், பிரிஃபெக்ட் என்ற மாணவர் தலைவர்கள், ஹெட் பாய். இதில் குழப்பிக்கொள்ள எதுவும் இல்லை. ஆனால் 11 வயதோடு கதவு சாத்திவிட்டது என்று நினைக்காதீர்கள். பல கிராமர் ஸ்கூல்கள் 16 வயதில், ஜிசிஎஸ்இ (அந்த வயதில் எழுதும் பொதுத்தேர்வு) மதிப்பெண்ணை வைத்து, சிக்ஸ்த் ஃபார்ம் என்ற கடைசி இரண்டு வருடப் படிப்புக்கு வெளியிலிருந்தும் ஆள் எடுக்கின்றன. ஆண்கள் பள்ளிகள் சில அப்போது பெண்களையும் சேர்க்கும். அண்ணன் மகன் இப்போது அதற்குத்தான் படிக்கிறான். இந்தத் தடவை விதியை அவனே முதலில் படித்து, அப்பாவுக்கு விளக்கியிருக்கிறான்.