கத்தாளை மீனுக்குப் புதுப் பேரினம் வைப்பது எப்படி?

வலையில் ஏறிய கத்தாளை எந்தப் புத்தகத்திலும் அடங்கவில்லை என்றால் அது புதுச் சிற்றினமாக (species) இருக்கலாம், அவ்வளவுதான். நெருங்கிய சிற்றினங்களைச் சேர்த்த பேரினம் (genus) வேறு கணக்கு: அந்த மீனும் அதன் நெருங்கிய சொந்தங்களும் பரிணாம மரத்தில் தனிக் கிளை, இப்போதுள்ள எந்தப் பேரினத்துக்குள்ளும் சேராது என்று காட்டியாக வேண்டும்.

முதலில் நிறம் போவதற்குள் படம் எடுங்கள். டி.என்.ஏ.வுக்குத் தசைத்துண்டை வெட்டி எத்தனாலில் போட்ட பிறகே மீனை ஃபார்மலினில் இறக்குங்கள்.

அப்புறம் வயிற்றைத் திறங்கள். இந்தக் குடும்பத்தில் வெளித்தோற்றம் நன்றாக ஏமாற்றும், மீனவர்கள் நெட்டி என்று சொல்லும் காற்றுப்பையும் மண்டைக்குள் கிடக்கும் காதுக்கல்லும்தான் ஆதாரம். ஜானியஸ் என்ற கத்தாளைப் பேரினத்தில் காற்றுப்பையின் முன்பகுதி சுத்தியல் வடிவில் இருக்கும். உங்கள் மீனின் காற்றுப்பையில் பக்கக் கிளைகள் எத்தனை, எங்கே பிரிகின்றன, தலைக்குள் நுழைகின்றனவா என்று எல்லாவற்றையும் வரைந்து வையுங்கள், அதுவும் ஒரே மீனில் இல்லை, வெவ்வேறு அளவுள்ள பல மீன்களில். 1963-இல் சூ, லோ, வூ என்ற ஆய்வாளர்கள் மூவரும் சீனக் கத்தாளைகளை வகைப்படுத்தியது காற்றுப்பையையும் காதுக்கல்லையும் வைத்துத்தான்.

டி.என்.ஏ.வில் இனங்காண வழக்கமாகப் பார்க்கும் சி.ஓ.ஐ. என்ற மைட்டோகாண்ட்ரியா மரபணு மட்டும் போதாது, உட்கரு மரபணுக்களும் வேண்டும். உங்கள் மீன்களைப் பிரித்தெடுத்த பின் மிச்சமுள்ள பழைய பேரினம் ஒரே கிளையாக நிற்கிறதா என்றும் பாருங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

பெயர் யோசிக்கும் முன் உலக மீன்களின் அறிவியல் பெயர்களைத் தொகுத்த எஷ்மெயர் மீன் பட்டியலை இணையத்தில் அலசுங்கள். உங்கள் மீன்களில் ஒன்றை மாதிரிச் சிற்றினமாக (பேரினப் பெயர் எதோடு கட்டப்பட்டிருக்கிறதோ அந்தச் சிற்றினம்) கொண்ட பழைய பேரினப் பெயர் எங்காவது தூங்கிக்கொண்டிருந்தால் அதைத்தான் எழுப்ப வேண்டும், புதுப்பெயர் கிடையாது.

சரி, எதுவும் இல்லையா? லத்தீன் எழுத்தில், ஒருமையில் ஒரு பெயர் வையுங்கள்; வேறெந்த விலங்குப் பேரினத்துக்கும், ஒரு வண்டுக்குக்கூட, அது இருக்கக் கூடாது. மூலம் லத்தீனாக இருக்க வேண்டியதில்லை. 1969-இல் மீனியலாளர் லால் மோகன் தாம் அமைத்த கத்தாளைப் பேரினங்களுக்குக் கத்தாலா, பன்னா என்று நம் கடற்கரைப் பெயர்களையே வைத்தார். ஜானியஸ் என்பது தரங்கம்பாடி மிஷனரி ஜானின் நினைவாக 1793-இல் ஜெர்மன் மீனியலாளர் பிளாக் வைத்தது.

கட்டுரையில் புதுப் பேரினம் என்று வெளிப்படையாக எழுதுங்கள், மற்றவற்றிலிருந்து பிரித்துக்காட்டும் பண்புகளைச் சொல்லுங்கள், பெயர் ஆண்பாலா பெண்பாலா என்பது போன்ற இலக்கணப் பாலையும் குறிப்பிட்டுவிடுங்கள். மாதிரிச் சிற்றினத்தை மறக்கவே கூடாது, 1930-க்குப் பின் அது இல்லாத பேரினப் பெயர் செல்லாது. அருங்காட்சியகத்தில் வைக்கும் ஹோலோடைப் (பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரி மீன்) சிற்றினத்துக்கானது, இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால் விலங்குப் பெயர்களுக்கான அதிகாரபூர்வ இணையப் பதிவேடான ஸூபேங்கில் முன்கூட்டியே பதிந்து, பதிவுச் சான்று கட்டுரைக்குள்ளேயே இருக்கும்படி செய்யுங்கள்.