மார்பகத் திசுவை வெட்டிவிட்டு ஃபார்மலினில் போடுங்கள்

ஹிஸ்டோபேதாலஜி லேபில் (உடலிலிருந்து எடுத்த திசுவைப் பரிசோதிக்கும் இடம்) க்ராஸிங் மேசைதான், அதாவது வந்த திசுவைப் பார்த்து வெட்டும் மேசைதான், என் இடம். தியேட்டர் சிஸ்டர்களிடமும் புதிதாக வரும் டெக்னீஷியன்களிடமும் முதலில் சொல்வது இதைத்தான்: மார்பகக் கட்டியை வெளியே எடுத்த நேரத்தையும் ஃபார்மலினில் (திசுவைக் கெடாமல் இறுக்கி வைக்கும் திரவம்) போட்ட நேரத்தையும் ஃபார்மில் எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. தாமதமானால் செல்களில் உள்ள ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (அந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) சிதைந்து பரிசோதனையில் தெரியாமல் போகலாம். அந்த ஏற்பி உள்ள கட்டிக்கு ‘நெகட்டிவ்’ என்று ரிப்போர்ட் போனால், அந்தப் பெண்ணுக்கு டமாக்ஸிஃபென் போன்ற ஹார்மோன் தடுப்பு மருந்து கிடைக்காமலே போய்விடும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் 1997 முதல் 2005 வரை செய்த பரிசோதனைகளில் சுமார் 400 பேருக்கு இப்படித் தவறான முடிவு போனது.

மாஸ்டெக்டமியை (அகற்றிய மார்பகத்தை) முழுசாக ஒரு டப்பாவில் திணித்து ஃபார்மலின் ஊற்றி அனுப்புவதுதான் அடிக்கடி நடப்பது. கொழுப்பு நிறைந்த திசுவுக்குள் ஃபார்மலின் மெதுவாகத்தான் இறங்கும். மறுநாள் வெட்டிப் பாருங்கள்: ஓரம் வெளிறி இறுகியிருக்கும், நடுவில் கட்டி இன்னும் சிவந்து கொழகொழவென்று இருக்கும். வேகாத இட்லி மாதிரிதான். அந்த நடுப்பகுதியைப் பிறகு பிராசஸரில் (திசுவின் நீரை நீக்கி மெழுகு ஏற்றும் இயந்திரம்) இருக்கும் ஆல்கஹால்தான் இறுக்குகிறது. ஆன்டிஜனை, அதாவது நாம் தேடும் ஏற்பியை, நிறம் ஏற்கும்படி மீட்க ஸ்லைடைச் சூடாக்கும்போது அந்தப் பகுதி தாங்காது. ஒரே ஸ்லைடில் ஓரத்துச் செல்களின் நியூக்ளியஸ் பழுப்பாகவும் (ஏற்பி இருக்கிறது) நடுவில் வெறும் நீலமாகவும் (ஏற்பி தெரியவில்லை) தெரிந்தால், கட்டியைச் சந்தேகிக்கும் முன் ஃபிக்ஸேஷனை, அதாவது ஃபார்மலின் திசுவை இறுக்கிய விதத்தை, சந்தேகியுங்கள்.

அதனால் திசு வந்தவுடனே தையலைப் பார்த்துத் திசையைக் குறித்து, ஓரங்களுக்கு மை தடவி, 5 மில்லிமீட்டர் இடைவெளியில் கீறுங்கள். தோல் பக்கம் ஒட்டியே இருக்கட்டும். துண்டுகளுக்கு இடையில் காஸ் துணி வையுங்கள், இல்லாவிட்டால் திரும்ப ஒட்டிக்கொள்ளும். திசுவைப் போல 10 மடங்கு, 10% நியூட்ரல் பஃபர்டு (அமிலமாகாமல் சமன் செய்த) ஃபார்மலின் வேண்டும். வெறும் குழாய்த் தண்ணீரில் கலந்தது வேண்டாம்.

அப்புறம் நேரம். ஃபார்மலினில் குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம். ஊசி பயாப்ஸி மெல்லியதுதானே என்று இரண்டு மணி நேரத்தில் பிராசஸரில் ஏற்றாதீர்கள், அதற்கும் 6 மணி நேரம்தான். சனி மாலை 4 மணிக்குப் போட்டது, திங்கள் விடுமுறை என்றால் செவ்வாய் 4 மணிக்கு 72-ஐத் தொட்டுவிடும். அந்த வாரம் யார் வந்து பிராசஸரைப் போடுவது என்று வெள்ளிக்கிழமையே முடிவு செய்யுங்கள். நேரம் கூடுவதைவிடக் குறைவதுதான் எனக்கு அதிக பயம்.

கட்டி நெகட்டிவ் என்று தெரிந்தால், பக்கத்தில் இருக்கும் சாதாரண பால்குழாய்களைப் பாருங்கள். அவற்றில் சில செல்களாவது நிறம் ஏற்றிருக்க வேண்டும். அங்கேயும் ஒன்றும் இல்லையா? சரி, அந்த ஸ்லைடை வைத்து ‘நெகட்டிவ்’ என்று எழுத வேண்டாம். வேறு பிளாக்கிலோ (மெழுகில் பதித்த திசுத் துண்டு) முன்பு எடுத்த ஊசி பயாப்ஸியிலோ மறுபடி போடச் சொல்லி பேதாலஜிஸ்டிடம் கேளுங்கள்.