பழைய எஸ்யூவில ட்ரெய்லர் லைட் வயரிங்: எர்த்துல கஞ்சத்தனம் வேண்டாம்

ட்ரெய்லர் லைட்ட வண்டியோட இணைக்கற வயரிங் கிட் வாங்குறதுக்கு முன்னாடி வண்டிக்குப் பின்னாடி ஒரு ஆள நிக்க வச்சு பிரேக்க மிதிங்க, மிதிச்ச கால எடுக்காம இடது இண்டிகேட்டரையும் போடுங்க. பிரேக்குக்கு எரிஞ்ச அதே சிவப்பு பல்பு விட்டு விட்டு எரிஞ்சா உங்க வண்டில பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒரே வயர்ல வருது. சிவப்பு அப்படியே நின்னு எரிய, பக்கத்துல மஞ்சள் தனியா மினுக்குனா ரெண்டுக்கும் தனித்தனி வயர். ட்ரெய்லர்லயும் இதையே பாருங்க, ரெண்டும் ஒரே ரகம்னா வேலை ரொம்ப சுலபம். வண்டில தனித்தனியா இருந்து ட்ரெய்லர்ல ஒண்ணா இருந்தா நடுவுல கன்வெர்ட்டர் (ரெண்டு சிக்னலையும் ட்ரெய்லருக்கு ஏத்தபடி ஒண்ணாக்குற சின்னப் பெட்டி) கண்டிப்பா வேணும், இத விட்டுட்டு பிரேக் வயரையும் ரெண்டு இண்டிகேட்டர் வயரையும் சேத்து முறுக்கிடுறவங்க நிறைய பேர், அப்புறம் பிரேக்க மிதிச்சா முன்னாடி இருக்கற இண்டிகேட்டரும் சேந்து எரியும், இடது போட்டா வலதும் மினுக்கும். இதுக்கு நேர் எதிரா வண்டில ஒண்ணா, ட்ரெய்லர்ல தனியா இருந்தா அதுக்கு வேற கன்வெர்ட்டர் இருக்கு, பாத்து வாங்குங்க.

கன்வெர்ட்டர் வாங்குறப்போ பேட்டரில இருந்து நேரா கரண்ட் எடுக்கற ரகமா வாங்குங்க, பழைய வண்டிக்கு இதுதான் சரின்னு நான் அடிச்சு சொல்லுவேன். ஒரு 21 வாட்ஸ் பல்பு 12 வோல்ட்ல கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் இழுக்கும், ட்ரெய்லர்ல ரெண்டு பிரேக் பல்புன்னா 3.5 ஆம்பியர் கூடுது, அத்தனையும் வருஷக்கணக்கா தேஞ்சு போன பிரேக் சுவிட்ச் வழியா, மெல்லிசு வயர் வழியாத்தான் போகணும். பேட்டரி ரகத்துல வண்டியோட வயர் சிக்னல் மட்டும்தான் குடுக்கும், பாரம் முழுக்க தனி வயர்ல ஓடும். அந்த பிளஸ் வயருக்கு ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்துலயே இருக்கணும், எத்தனை ஆம்பியர்னு கன்வெர்ட்டர் பெட்டில போட்டிருக்கும், அதுக்கு மேல போடாதீங்க. வயர் 2.5 ஸ்கொயர் எம்எம் போட்டா தாராளம். இந்த வயர இழுத்து முடிக்கற வரைக்கும் பேட்டரி நெகட்டிவ் கழட்டியே இருக்கட்டும்.

அடுத்து எந்த வயர் எதுன்னு கண்டுபிடிக்கணும். கலர நம்பாதீங்க, ஒரே மாடல்லயே வருஷத்துக்கு வருஷம் மாத்திருப்பாங்க, போதாததுக்கு உங்களுக்கு முன்னாடி வச்சிருந்தவர் என்னத்த வெட்டி என்னத்த ஒட்டினாரோ. நெகட்டிவ திரும்ப மாட்டி, டெஸ்ட் லாம்ப (கரண்ட் வந்தா எரியற, கிளிப் வச்ச சோதனை பல்பு) மொதல்ல பேட்டரிலயே வச்சு எரியுதான்னு பாத்துட்டு, கிளிப்ப பெயிண்ட் இல்லாத இரும்புல மாட்டி, டெயில் லைட் கப்ளர்ல (வயரெல்லாம் வந்து சேர்ற பிளக்) ஒவ்வொரு வயரா தொட்டுப் பாருங்க. பார்க் லைட் போட்டா எது எரியுது, பிரேக்குக்கு எது, இண்டிகேட்டருக்கு எதுன்னு டேப்ல எழுதி வயர்லயே ஒட்டிடுங்க. வண்டிக்குள்ள மஞ்சள் ஸ்லீவ் போட்ட வயர் கண்ணுல பட்டா அது பெரும்பாலும் ஏர்பேக்கோடது, அது பக்கமே போகாதீங்க.

ட்ரெய்லர் பக்கம் வட அமெரிக்க 4 பின் தட்டை கனெக்டர்னா வெள்ளை எர்த் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போற வழி), பிரவுன் டெயில் லைட், மஞ்சள் இடது, பச்சை வலது. ஐரோப்பிய 7 பின் உருண்டை சாக்கெட்ல மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது, வெள்ளை எர்த், சிவப்பு பிரேக், கறுப்பு இடது டெயில், பிரவுன் வலது டெயில், நீலம் பின்பக்க ஃபாக். ட்ரெய்லரும் பழசுன்னா இதையும் டெஸ்ட் பண்ணாம நம்ப வேண்டாம்.

வயர ஜாயின் பண்றதுக்கு அந்த அமுக்கி மாட்டுற பிளாஸ்டிக் கிளிப் வேண்டவே வேண்டாம், அதுல இருக்கற தகடு உள்ள பாதி இழைய வெட்டிடும், மிச்சம் மழைத்தண்ணி பட்டு பச்சையா பூத்துப் போகும். சால்டர் வைங்க, இல்லன்னா உள்ள பசை இருக்கற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினா சுருங்குற குழாய்) போட்டு கிரிம்ப் பண்ணுங்க, அதாவது நசுக்கி இறுக்குங்க. ஸ்லீவ மொதல்லயே வயர்ல கோத்துக்குங்க, சால்டர் வச்சப்புறம் அது உள்ள போகாது.

இப்ப எர்த். ட்ரெய்லர் லைட் கோளாறுல முக்காவாசி இங்கதான் இருக்கும், அதனால இதுக்கு நேரம் எடுத்துக்கோங்க. வண்டியோட சேஸில ஒரு இடத்துல பெயிண்ட், துரு எல்லாத்தையும் சுரண்டி இரும்பு பளபளன்னு தெரியணும், வெள்ளை வயர் முனைல ரிங் டெர்மினல் (போல்ட்ல மாட்டுற வளையம்) கிரிம்ப் பண்ணி, பல்லு வச்ச வாஷர் போட்டு போல்ட்ட இறுக்கி, அதுக்கப்புறம் மேல கிரீஸ் தடவுங்க. ட்ரெய்லர மாட்டுற கொக்கி பந்து வழியா எர்த் வந்துடும்னு வெள்ளை வயர விட்டுடுறாங்க, அங்க கிரீஸ், துரு, ஓடுறப்போ குதிக்கற குதி, எப்படி நிக்கும்? ட்ரெய்லர் ஃப்ரேம் துருப்பிடிச்சிருந்தா ஒவ்வொரு லைட்டுக்கும் தனி எர்த் வயர் இழுத்து வெள்ளைல சேத்துடுங்க. எர்த் சரியில்லன்னா எப்படித் தெரியும்னா, பார்க் லைட் போட்டு இண்டிகேட்டர் போட்டா எல்லா லைட்டும் சேந்து மங்கலா மினுக்கும், பிரேக் மிதிச்சா டெயில் லைட் அணையும். கரண்ட் திரும்பிப் போக வழி கிடைக்காம இன்னொரு பல்போட இழை வழியாப் போகுது, அதான் காரணம். மல்டிமீட்டர் இருந்தா எல்லா லைட்டையும் எரிய விட்டு ஒரு முனைய பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொண்ண சாக்கெட் வெள்ளைலயும் வைங்க, 0.2 வோல்ட்டுக்குள்ள இருந்தா நிம்மதி, அரை வோல்ட்டு காட்டினா திரும்ப சுரண்டுங்க.

கன்வெர்ட்டர் இல்லாம நேரா கனெக்ட் பண்ணவங்களுக்கு இண்டிகேட்டர் திடீர்னு படபடன்னு அடிச்சா அது பழைய சூடு ரக ஃப்ளாஷர் (இண்டிகேட்டர மினுக்க வைக்கற சின்ன பாகம்), கரண்ட் கூடினதும் உள்ள இருக்கற தகடு சீக்கிரம் சூடாகுது, எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் மாத்துங்க. பேட்டரி ரக கன்வெர்ட்டர்ல இந்தத் தொல்லை இல்ல, ஆனா ட்ரெய்லர் பல்பு போனாலும் டாஷ்போர்டுல தெரியாது, அதனால மாட்டுற ஒவ்வொரு தடவையும் இறங்கிப் பாக்கணும்.

வயர சைலன்சர் பைப்புக்கு தள்ளி கொண்டு போங்க, தகட்டு ஓட்டைல ரப்பர் குரோமெட் (ஓட்டை விளிம்புல வைக்கற வளையம்) இல்லாம நுழைக்காதீங்க, சாக்கெட் வாய் கீழ பாத்தபடி இருந்தா தண்ணி தேங்காது. வண்டி முழுசா திரும்புறப்போ இழுபடாத அளவு தொய்வு வேணும், ஆனா தரைல உரசக் கூடாது. கடைசியா டெயில், இடது, வலது, பிரேக்னு ஒவ்வொண்ணா பாருங்க, அப்புறம் டெயில் லைட் எரிய பிரேக்கயும் மிதிச்சுக்கிட்டு ஒரு பக்கம் இண்டிகேட்டர் போட்டுப் பாருங்க, தனியா நல்லா எரியற வயரிங்கும் இதுல மாட்டிக்கும். ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து ஜாயிண்ட்டயும் சாக்கெட்டையும் தொட்டுப் பாருங்க, எங்கயாவது சூடா இருந்தா அந்த ஜாயிண்ட்ட பிரிச்சு புதுசா போடுங்க.