சென்னையிலிருந்து சிங்கப்பூர்: தூரத்தையும் பயண நேரத்தையும் கணக்கிடும் முறை

பயணச்சீட்டில் புறப்பாடு இரவு 11.15 என்றும் வருகை காலை 6.00 என்றும் இருப்பதைப் பார்த்து, சிங்கப்பூருக்கு விமானம் ஆறே முக்கால் மணி நேரம் பறக்கிறது என்று எண்ணிக்கொள்பவர்கள் பலர். சீட்டில் அச்சாகும் நேரங்கள் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரங்கள் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது.

முதலில் தூரத்தைக் கணக்கிடுவோம். சென்னை விமான நிலையம் வட அட்சரேகை 13.0, கிழக்குத் தீர்க்கரேகை 80.2 பாகைகளிலும், சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் 1.4, 104.0 பாகைகளிலும் அமைந்துள்ளன. ஒரு பாகை அட்சரேகை ஏறத்தாழ 111 கி.மீ. என்பதால், 11.6 பாகை வேறுபாடு தெற்கு நோக்கி 1,288 கி.மீ. ஆகிறது. தீர்க்கரேகைகள் துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல நெருங்கிவருவதால், 23.8 பாகை வேறுபாட்டைச் சராசரி அட்சரேகையான 7.2 பாகையின் கொசைன் மதிப்பால், அதாவது 0.992 ஆல், பெருக்கிய பிறகே 111 ஆல் பெருக்க வேண்டும். கிழக்கு நோக்கிய தூரம் சுமார் 2,620 கி.மீ. என வரும். இவ்விரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது சுமார் 2,920 கி.மீ. நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள ஊர்களுக்கு இந்த எளிய முறை போதுமானது. லண்டன், டொராண்டோ போன்ற தொலைவான வடக்கு நகரங்களுக்கு இது பொருந்தாது, அங்கே பூமியின் வளைவையும் சேர்த்துக்கொள்ளும் கோள முக்கோணக் கணக்கு தேவைப்படும்.

இது வான்வழித் தூரம் மட்டுமே. முன்பு ரஜுலா, எம்.வி. சிதம்பரம் ஆகிய கப்பல்களில் சென்றவர்கள் நாகப்பட்டினம், பினாங்கு எனத் துறைமுகங்களைத் தொட்டு மலாக்கா நீரிணை வழியாகப் போனதால், அவர்கள் கடந்த தூரம் இதைவிட அதிகம்.

மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் 2,920 கி.மீ. கடக்க 3 மணி 26 நிமிடம் ஆகும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், மேலேறுதல், இறங்குதல் ஆகியவற்றுக்கு அரை மணி முதல் முக்கால் மணி வரை சேர்த்தால், நான்கு அல்லது நாலேகால் மணி நேரம் என வருகிறது. இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5.30 மணியும், சிங்கப்பூர் நேரம் 8 மணியும் முன்னே இருப்பதால், இரண்டுக்கும் இடையே 2.30 மணி வேறுபாடு உண்டு. இரவு 11.15க்குப் புறப்பட்டு நாலேகால் மணி நேரம் பறந்தால் நம் நேரப்படி அதிகாலை 3.30, அதனுடன் 2.30 மணியைக் கூட்டினால் சீட்டில் உள்ள 6.00 சரியாக வந்துவிடும். தீர்க்கரேகைப்படி சிங்கப்பூருக்கு உலகப் பொது நேரத்திலிருந்து 7 மணி வேறுபாடே பொருந்தும் என்றாலும், 1982 முதல் கடிகாரம் 8 மணி வேறுபாட்டில் ஓடுவதால் அங்கே சூரியன் ஏழு மணியளவில்தான் உதிக்கிறது. எனவே ஆறு மணிக்கு இறங்குபவரை இருட்டுதான் வரவேற்கும்.

வீட்டு வாசலிலிருந்து கணக்கிடுவதே உண்மையான பயண நேரம். விமான நிலையம் செல்ல ஒரு மணி, மூன்று மணி நேர முன்வருகை, விமானத்தில் நாலேகால் மணி, குடிநுழைவுச் சோதனைக்கும் பெட்டிகளை எடுப்பதற்கும் முக்கால் மணி, நகருக்குள் செல்ல அரை மணி என ஒன்பதரை மணி நேரம் ஒதுக்குங்கள். விடுதி அறையை வந்திறங்கும் தேதிக்குப் பதிவு செய்யுங்கள்; அறை பெரும்பாலும் பிற்பகலில்தான் கிடைக்கும் என்பதால், பெட்டிகளை வைக்க இடம் உண்டா என முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

திரும்பும்போது 2.30 மணியைக் கழிக்க வேண்டும். இரவு 8.30க்குச் சிங்கப்பூரில் ஏறினால் சென்னையில் 10.15க்கே இறங்கிவிடலாம். அன்றிரவே ஊருக்கு ரயிலோ பேருந்தோ பதிவு செய்பவர்கள், குடிநுழைவுக்கும் சுங்கச் சோதனைக்கும் ஆகும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.