பிரெஞ்ச் பிரைடல் லுக் வேணும்னா முதுகுல இருந்து ஆரம்பிங்க

பிரெஞ்ச் பிரைட் லுக்னு தேடினா வர்ற போட்டோ எல்லாம் ரொம்ப சிம்பிளா இருக்கும். ஒரு லேஸ் டிரெஸ், லூசா ஒரு கொண்டை, கையில கொஞ்சம் பூ, அவ்வளவுதானேன்னு தோணும். ஆனா அதே போட்டோவைக் காட்டி ஏதோ ஒரு துணியில தைச்சு வாங்கிப் போட்டுப் பாருங்க, நைட்டி மாதிரி தொங்கும். காரணம் ஒண்ணுதான், அந்த டிரெஸ்ல காசும் உழைப்பும் போனது கல்லுலயும் ஜரிகையிலயும் இல்ல, துணியிலயும் கட்டிங்லயும் உள்பக்க தையல்லயும். வெளிய தெரியாத இடத்துல செலவு பண்ணத் தயாரா இருந்தா மட்டும் இந்த ஸ்டைல் பக்கம் வாங்க, இல்லன்னா வேற எவ்வளவோ அழகான ஸ்டைல் இருக்கு.

முதல்ல எத்தனை டிரெஸ் வேணும்னு முடிவு பண்ணுங்க. பிரான்ஸ்ல சட்டப்படி கல்யாணம்னா அது மேரியில, அதாவது ஊர் நகராட்சி ஆபீஸ்ல நடக்கிறதுதான், பிரெஞ்சுப் புரட்சி காலத்துல 1792ல வந்த முறை இது. மேயரோ துணை மேயரோ நடத்தி வைப்பாங்க, குறைஞ்சது 2 சாட்சி, அதிகபட்சம் 4. சர்ச் எல்லாம் அதுக்கு அப்புறம்தான். அதனால அங்க நிறைய பொண்ணுங்க மேரிக்கு ஒண்ணு, சர்ச்சுக்கும் பார்ட்டிக்கும் ஒண்ணுன்னு பிரிச்சுக்கிறாங்க. (பாரிஸ்ல இருக்கிற நம்ம தமிழ்ப் பொண்ணுங்க சிலர் மேரிக்கு வெள்ளை சூட்டோ கவுனோ, கோயில்ல தாலி கட்டும்போது கூறைப்புடவைன்னு இதையே அழகா பண்றாங்க.)

மேரி டிரெஸ்லதான் உண்மையான பிரெஞ்ச் குணம் தெரியும்னு நான் நினைக்கிறேன். 1959ல பிரெஞ்ச் நடிகை பிரிஜித் பார்தோ, பாரிஸ் பக்கத்துல லூவ்சியென்ல ஜாக் ஷாரியேவைக் கட்டிக்கும்போது போட்டது ஜாக் எஸ்தரெல் டிசைன் பண்ண பிங்க் கட்டம் போட்ட டிரெஸ், அவ்வளவு பெரிய ஸ்டார், சாதாரண சின்னக் கட்டத் துணி, அப்புறம் ஊரே அந்தக் கட்டத்துக்குப் பைத்தியமா அலைஞ்சது. 1971ல தென் பிரான்ஸ்ல சாந்த்ரோபேல பாடகர் மிக் ஜாகரைக் கட்டின பியாங்கா போட்டது ஈவ் சான் லோரானோட வெள்ளை ஜாக்கெட், நீளப் பாவாடை, அகல விளிம்புத் தொப்பியில வலை. இந்த ரெண்டையும் இன்னைக்குப் போட்டாலும் பழசா தெரியாது. நீங்களும் மேரிக்கு நல்ல தோள் கட்டிங்கோட ஒரு வெள்ளை ஜாக்கெட் தைச்சுக்கோங்க, பேன்ட்டோ பாவாடையோ உங்க இஷ்டம். அந்த ஜாக்கெட்டைக் கல்யாணத்துக்கு அப்புறம் ஜீன்ஸ் மேல கூட போடலாம்.

இப்போ பெரிய டிரெஸ். ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்க, மத்த இடமெல்லாம் அமைதியா விடுங்க. நான் முதுகைத்தான் சொல்வேன். சர்ச்ல முழு நேரமும் வந்தவங்க பார்க்கிறது பொண்ணோட முதுகைத்தான். அதனால முன்னாடி கழுத்து மூடி, கை நீளமா, பின்னாடி மட்டும் இடுப்பு வரைக்கும் திறந்து, கீழ துணி போர்த்தின சின்னச் சின்ன பட்டன் வரிசைன்னு வைக்கிறது லோர் த சகஸான் மாதிரி பாரிஸ் டிசைனர்களோட டிரெஸ்ல அடிக்கடி பார்க்கலாம். முதுகைத் திறந்தா நெக்லஸ் வேண்டாம், சின்னக் கம்மல் போதும்.

முதுகு திறந்த டிரெஸ்ல ஒரு சிக்கல் இருக்கு, பிரா போட முடியாது, தோளும் நழுவும். அதுக்கு டெய்லர்கிட்ட மூணு விஷயம் கேளுங்க: கப் உள்ளேயே வைச்சுத் தைக்கணும், இடுப்புல உள்பக்கம் இழுபடாத கெட்டியான ரிப்பன் பட்டி ஒண்ணு ஹூக்கோட வைக்கணும், பிடரிக்குக் கீழ தோல் கலர்ல மெல்லிசா ஒரு டூல் (மெல்லிய வலைத் துணி) துண்டோ ஒத்தைக் கயிறோ போகணும். இதுல அந்த ரிப்பன் பட்டி ரொம்ப முக்கியம், பாவாடையோட எடையை அது இடுப்புலயே தாங்கிக்கும், இல்லன்னா எல்லா எடையும் தோள்ல இழுத்து நாள் முழுக்க டிரெஸ்ஸைத் தூக்கி விட்டுக்கிட்டே இருக்கணும்.

லேஸ் விஷயத்துல அவசரப்படாதீங்க. வட பிரான்ஸ்ல காலே, கோத்ரின்னு ரெண்டு ஊரு, இன்னமும் லீவர்ஸ்னு சொல்ற பழைய தறியில லேஸ் நெய்யுறாங்க, 19ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல இங்கிலாந்துல இருந்து கள்ளத்தனமா கடத்திட்டு வந்த மெஷின்ல ஆரம்பிச்ச தொழில் அது. 2011ல கேட் மிடில்டன் கல்யாண டிரெஸ்ஸுக்கும் கோத்ரில இருக்கிற சோஃபி அலெட் கம்பெனி லேஸ் போச்சு. அந்த லேஸ் விலை அதிகம், எல்லாராலயும் வாங்க முடியாது, ஆனா நல்ல லேஸ் எதுன்னு கண்ணு பழகிட்டா பட்ஜெட்டுக்குள்ளயே நல்லதைப் பொறுக்கலாம். துணியை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு கண்ணுகிட்ட கொண்டு போங்க. லீவர்ஸ் லேஸ்ல நூல் ஒண்ணோட ஒண்ணு முறுக்கிப் போயிருக்கும், வலை நுணுக்கமா இருக்கும், பூவுக்குள்ள கனமான இடம் மெல்லிசான இடம்னு நிழல் தெரியும். மலிவான நிட்டிங் லேஸ்ல சின்னச் சின்ன சங்கிலிக் கண்ணி வரிசையா தெரியும், பூ தட்டையா இருக்கும். ஷான்டில்லின்னு ஒரு லேஸ் வகையில விளிம்புல கண்ணிமை முடி போல நூல் நீட்டிக்கிட்டு இருக்கும், அதை வெட்டிடாதீங்க, அதுதான் அழகு.

இன்னொரு டெஸ்ட், பக்கவாட்டுத் தையலைப் பாருங்க. நல்ல வேலையில லேஸ்ல நேர்க்கோட்டுத் தையலே தெரியாது, பூவோட ஓரத்தை ஒட்டியே வெட்டி ஒண்ணு மேல ஒண்ணு வைச்சு கையால தைச்சிருப்பாங்க, பூ அப்படியே இடுப்பைச் சுத்திப் போகும். அக்குள்ல இருந்து இடுப்பு வரைக்கும் பூவை ரெண்டா வெட்டிக்கிட்டு மெஷின் தையல் ஓடினா அந்த டிரெஸ்ஸுக்கு அதிக விலை கொடுக்காதீங்க.

லேஸ் பிடிக்கலன்னா பட்டு க்ரேப் எடுங்க, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். உடம்புல வழிஞ்சு விழணும்னா துணியை பயஸ்ல, அதாவது 45 டிகிரி சாய்ச்சு வெட்டணும், இதை 1920கள்ல பாரிஸ்ல ஒரு கலையாவே ஆக்கினவங்க மதலேன் வியொனே. சாய்ச்சு வெட்டின துணி தன் எடைக்கே கீழ இறங்கும், அதனால வெட்டித் தைச்சதும் உடனே அடி மடிக்க விடாதீங்க, ஒரு ரெண்டு நாளாவது ஹேங்கர்ல தொங்க விட்டு அப்புறம்தான் நீளம் பார்க்கணும், இல்லன்னா ஒரு பக்கம் இறங்கி ஒரு பக்கம் ஏறி நிக்கும்.

கலர்ல சுத்த வெள்ளை வேண்டாம், ஐவரி (தந்த நிறம்) எடுங்க. நம்ம மாநிறத்துக்கு ஐவரி பளிச்சுனு ஒத்துப்போகும், நீலம் அடிக்கிற வெள்ளை முகத்தைச் சோர்வாக் காட்டும். கடை லைட்ல பார்க்காம துணியைத் தாடைக்குக் கீழ வைச்சுக்கிட்டு வாசலுக்கு வந்து வெயில்ல பாருங்க.

இப்போதைய டிரெண்ட்ல டாப் தனி, பாவாடை தனி, கழட்டுற கை, தலைத் திரைக்கு (veil) பதிலா தோள்ல போடுற மெல்லிசான கேப், முதுகுல பெரிய போ (ரிப்பன் முடிச்சு) எல்லாம் ஓடுது. ரிம் அரோடக்கி மாதிரி டிசைனர்ங்க ஜம்ப்சூட், பேன்ட் சூட்டையே பிரைடல் ஆக்கிட்டாங்க. இதுல டாப் தனி பாவாடை தனிங்கிறதை நான் மனசார சொல்வேன், சர்ச்ல நீளப் பாவாடை, டான்ஸுக்கு அதே டாப்போட குட்டைப் பாவாடை, ரெண்டு டிரெஸ் செலவு மிச்சம். பெரிய போ மட்டும் யோசிச்சு வைங்க, உட்காரும்போது நசுங்கும்.

பாரிஸ்ல டிசைனர்கிட்ட தைக்கிறதா இருந்தா எட்டு ஒன்பது மாசம் முன்னாடியே போங்க, சாம்பிள் சேல் வரும்போது கண்ணு வைச்சிருங்க, வின்டெட்னு பழைய துணி விக்கிற ஆப்ல ஒரு தடவை போட்ட டிரெஸ் நிறைய கிடைக்கும், மிச்சக் காசை ஆல்ட்டரேஷனுக்கு வைங்க. ஃபிட்டிங்குக்குப் போகும்போது கல்யாணத்துக்குப் போடப்போற அதே செருப்பு, அதே உள்ளாடை கட்டாயம். நின்னு மட்டும் பார்க்காம உட்காருங்க, கையைத் தூக்கிக் கட்டிப்பிடிங்க, நாலு படி ஏறுங்க.

தலைத் திரைன்னா வெறும் டூல், ஓரத்துல எதுவும் வேண்டாம், பட்டு டூல் கீழ விழும், நைலான் டூல் விறைச்சு நிக்கும். முடி தாழக் கொண்டை, ஹேர் ஸ்ப்ரே கம்மி. மேக்கப்ல உதட்டுக்கோ கண்ணுக்கோ ஏதாவது ஒண்ணுக்கு மட்டும் அழுத்தம்.

கல்யாணம் முடிஞ்சதும் பாவாடையை முட்டி வரைக்கும் வெட்டி, சாயம் போட்டு, மறுபடி போடணும்னு ஆசை இருந்தா அதை முதல் நாளே டெய்லர்கிட்ட சொல்லிடுங்க. பட்டுக்குப் போடுற சாயம் பாலியஸ்டர் நூல்ல ஏறாது, டிரெஸ் நீலமாகி தையல் மட்டும் வெள்ளையா தெரியும், அதனால முழுக்க பட்டு நூல்லயே தைக்கச் சொல்லுங்க, லைனிங்கும் பட்டாவே இருக்கட்டும்.