மால்போர்க் கோட்டையின் வரலாற்றை அதன் சுவர்களிலேயே படிக்கும் முறை

வட போலந்தில், நோகத் ஆற்றங்கரையில் நிற்கும் மால்போர்க் கோட்டையைக் காணச் செல்பவர்கள் அதை முதலில் ஒரு மடமாகவே பார்க்க வேண்டும். அதைக் கட்டிய டியூட்டானிக் சபை என்ற ஜெர்மானியக் கிறிஸ்தவ அமைப்பினர் வாளேந்திய துறவிகள் என்பதை மறந்துவிட்டால், அங்குள்ள அறைகளின் அமைப்பே விளங்காது.

நுழைவாயில் உங்களை நடுக்கோட்டையில் கொண்டுபோய் விடும்; அங்கே நின்றுவிடாமல், 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலில் எழுந்த மேல்கோட்டைக்கு (உயர்ந்த கோட்டைப் பகுதிக்கு) நேரே செல்லுங்கள். ஒரே முற்றத்தைச் சுற்றித் தேவாலயமும், சபை கூடும் மண்டபமும், படுக்கைக் கூடமும், உணவுக்கூடமும் அமைந்திருப்பதைக் கண்டால், மணியோசைக்குக் கட்டுப்பட்டு நடந்த வாழ்க்கை கண்முன் வரும். சுவர் முழுவதும் சுட்ட செங்கல்; கட்டடக்கல் அரிதான அந்தச் சமவெளியில் களிமண்ணே கைகொடுத்தது.

அதன் பிறகு நடுக்கோட்டைக்குத் திரும்புங்கள். 1309இல் சபையின் பெருந்தலைவர் சீக்ஃப்ரீட் ஃபான் ஃபாய்க்ட்வாங்கன் தம் இருப்பிடத்தை வெனிஸிலிருந்து இங்கு மாற்றியதால், ஒரு மடம் சபையே ஆண்ட ஓர் அரசின் தலைநகரானது. அரண்மனையும் பெரிய விருந்து மண்டபமும் அந்த மாற்றத்தின் விளைவுகளே. மண்டபத்தில் அண்ணாந்து பார்ப்பதோடு நிறுத்தாமல், தரையிலுள்ள சிறு துளைகளையும் குனிந்து பாருங்கள்: கீழே அடுப்பில் காய்ந்த கற்களின் வெப்பக்காற்று அவற்றின் வழியாகவே மேலே வந்தது.

அரண்மனையின் கோடைகால உணவுக்கூடத்துக்கு அவசியம் நேரம் ஒதுக்குங்கள். அதன் வளைகூரை முழுவதையும் ஒரே கருங்கல் தூண் தாங்குகிறது. 1410இல் குரூன்வால்ட் போரில் சபை தோற்றபின் போலந்துப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, அந்தத் தூணைக் குறிவைத்து எறியப்பட்டதாகச் சொல்லப்படும் கல்குண்டு இன்றும் சுவரில் பதிந்திருக்கிறது. சபையின் தளபதி ஹைன்ரிக் ஃபான் பிளாவன் காத்ததால் கோட்டை அன்று விழவில்லை. போர்வலிமையால் எடுக்க முடியாத அதனை, சம்பளம் கிடைக்காத சபையின் கூலிப்படையினர் 1457இல் போலந்து மன்னருக்கு விற்றுவிட்டனர்.

இறுதியாக, கிழக்குப் பக்கம் சுற்றி வாருங்கள். 1945ஆம் ஆண்டுப் போரில் மிகுதியாகச் சிதைந்தது அந்தப் பக்கம்தான். தேவாலயத்தின் வெளிச்சுவரில் நிற்கும் 8 மீட்டர் உயர மாதா சிலை அப்போது நொறுங்கியது. இப்போது நீங்கள் காண்பது 2016இல் வண்ணச் சில்லுகள் பதித்து மீண்டும் எழுப்பப்பட்ட வடிவம்.