அரசாங்கம் கைவிடாது என்று நம்பி வைப்பிடுபவர்களுக்கு

கடந்த மாதம் புதுக்குடியிருப்பில் சங்கப் பொருளாளர்களுக்குக் கணக்கு வகுப்பு எடுத்தேன். புதிதாகத் தெரிவான தங்கச்சி ஒருத்தி நிதிக் கம்பனியொன்றின் துண்டுப்பிரசுரத்தை நீட்டினாள். "மத்திய வங்கியில பதிவு எண்டு போட்டிருக்குத்தானே அக்கா, விழுந்தா அரசாங்கம் விடுமே?" நானும் ஒருகாலம் இப்படித்தான் நம்பினேன்.

பதிவை உத்தரவாதமாக எடுப்பது

பதிவு, வைப்பு வாங்குவதற்கான அனுமதி. அவ்வளவுதான். எங்கள் மாதர் சங்கத்தில் 43 பெண்கள் கிழமைக்கு 100 ரூபாயாக நாலு வருடம் சேர்த்த காசு ஏறக்குறைய 9 இலட்சம். வட்டி கூட என்று முழுவதையும் ஒரே நிதிக் கம்பனியில் நிலையான வைப்பில் போட்டேன். மத்திய வங்கி அந்தக் கம்பனியின் வேலைகளை நிறுத்தியபோது வைப்புக் காப்புறுதியின், அதாவது நிறுவனம் விழுந்தால் வைப்பாளருக்குக் காசு கொடுக்கும் திட்டத்தின், உச்சவரம்பு 6 இலட்சம். ஒரு நிறுவனத்தில் ஒரு வைப்பாளருக்கு அவ்வளவுதான். சான்றிதழில் இருந்தது சங்கத்தின் பெயர். 43 பேரும் சேர்ந்து ஒரு வைப்பாளர். சேமிப்புப் புத்தகத்தோடு வந்த அம்மா ஒருவர் தன் பெயரில் விரலை வைத்து, "இது என்ர காசு இல்லையோ பிள்ளை?" என்று கேட்டார். மிச்சம் இன்னும் வரவில்லை. இரண்டு இடத்தில் பிரித்துப் போட்டிருந்தால் ஒரு சதமும் போயிராது. இதை நினைக்க இப்பவும் கோபம் வருகிறது. 2021இல் உச்சவரம்பு 11 இலட்சமானது. கணக்குப் பார்க்கிற முறை மாறவில்லை. அந்தத் தங்கச்சியின் சங்கத்திடம் இருப்பது 14 இலட்சம்.

அவசரக் கடனையும் மீட்பையும் குழப்புவது

கையில் காசு முட்டுப்படும் வங்கிக்கு மத்திய வங்கி பிணை வாங்கிக்கொண்டு குறுகிய காலக் கடன் கொடுக்கும். கொடுத்த கடன்களே அறவிட முடியாமல் போன வங்கிக்கு அது போதாது. யாராவது புதிதாக முதல் போடவேண்டும். அதுதான் மீட்பு. 2007 செப்டெம்பரில் இங்கிலாந்தின் மத்திய வங்கி நோர்தேன் ரொக் வங்கிக்குக் கடன் கொடுக்கப்போகிறது என்ற செய்தி வந்த பிறகுதான் கிளை வாசல்களில் வரிசை நீண்டது. 2008 பெப்ரவரியில் அரசே அதைப் பொறுப்பெடுத்தது.

ஒன்றைக் காப்பாற்றினால் மற்றதையும் காப்பாற்றும் என்பது

2008 டிசம்பரில் செலிங்கோ குழுமத்தின் செலான் வங்கியை மத்திய வங்கி இலங்கை வங்கியின் பொறுப்பில் விட்டது, செலான் தப்பியது. அதே மாதம் விழுந்த அதே குழுமத்தின் கோல்டன் கீ, வைப்பு வாங்கப் பதிவே இல்லாத கம்பனி. அதை அப்படித் தூக்கிவிட யாரும் வரவில்லை.

பெரியது விழாது

அமெரிக்காவின் பெரிய முதலீட்டு வங்கிகளில் ஒன்றான லேமன் பிரதர்ஸ் 2008 செப்டெம்பர் 15 வங்குரோத்தானது.

கூட்டுறவு கிராமிய வங்கியும் வைப்புக் காப்புறுதிக்குள் அடக்கம் என்பது

இல்லை. இந்தக் காப்புறுதி, உரிமம் பெற்ற வங்கிகளுக்கும் நிதிக் கம்பனிகளுக்கும் மட்டும். கூட்டுறவில் போட்டிருப்பவர்கள் பொதுக்கூட்டத்தில் கணக்காய்வு அறிக்கையைக் கேட்டு வாங்கி வாசியுங்கள்.